பொதுக் கருத்திட்டங்களும் கணினிவழிச் சுற்றாடல் மதிப்பீடும்

அணை கட்டுதல், வீதி சமைத்தல், குடிநீர் வழங்குதல், மின்வலு ஆக்குதல் ஆகியன நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதன என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஓரிடத்து மக்களுக்கு நன்மை செய்யும் பணி பிறிதோரிடத்து மக்களுக்குத் தீங்கு செய்தலுங் கூடும். இன்று பயன் தருவது நாளை இன்னல் விளைத்தலுங் கூடும். ஆதலின், பெரும்பணி ஒன்றைத் தொடங்கு முன்னரே அதன் விளைவுகளை ஆராய்ந்து, மக்கள் கருத்தையுங் கேட்டு, அதன் பின்னரே துணிதல் வேண்டும் என்னுங் கொள்கை இன்று பல நாடுகளிற் சட்டமாக உருப்பெற்றுள்ளது. அவ்வாராய்ச்சியே சுற்றாடல் தாக்க மதிப்பீடு எனப்படும்.

இம்மதிப்பீட்டைப் பற்றி இருவகை முறைப்பாடுகள் எழுகின்றன. அது காலத்தை விழுங்குகின்றது என்பர் பணியைச் செய்ய முற்படுவோர். அது வெறுஞ் சடங்காக முடிகின்றது என்பர் பணியால் தாக்குறுவோர். கணினி, செய்மதி, மின்வழித் தொடர்பு ஆகிய புதுக்கருவிகள் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்க வல்லனவா? நீக்க வல்லனவெனின், அவற்றை எவ்வாறு கையாளுதல் வேண்டும்? இவ்வினாக்களைக் கண்டி மாநகரின் அயலிலுள்ள குண்டசாலையையும், அதனைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தும்பறை புகட்டும் பாடம்

குண்டசாலை கண்டிக்குக் கிழக்கே மகாவலி கங்கையை அடுத்து அமைந்தது. கண்டியை 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை அரசன்' என்றே அழைக்கப்பெற்றான். அன்று அரசனின் ஓய்விடமாக விளங்கிய இப்பகுதி இன்று பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டை, மாகாண சபை அலுவலகங்கள், சர்வதேச விளையாட்டரங்கு, வளர்ந்துவரும் குடியிருப்புக்கள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கின்றது. இதற்கு மேலே, ஆற்றின் ஒரு பகுதி நீரை வட திசைக்குத் திருப்பும் பொல்கொல்லை அணைக்கட்டு 1976 இல் நிறைவுற்றது. கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் உள்ளது. எனவே, மனிதர் தம் தேவைக்கேற்ப ஆற்றை மாற்றியமைத்த இரு பெரும் பணிகளுக்கு இடையிலே கிடப்பது குண்டசாலை.

விக்டோரியா அணை, துரித மகாவலித் திட்டத்தின் உறுப்பாக எழுந்தது. 122 மீற்றர் உயரமும் 210 மெகாவாற்று மின்னாக்கும் ஆற்றலுமுடைய இவ்வணை 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பெற்றது. பழைய தெல்தெனியா நகரம் நீருள் மறைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கடும் வரட்சியின்போது நீர் வற்ற, பழைய நகரின் எச்சங்கள் வெளித் தோன்றுவதை இன்றுங் காணலாம். இத்திட்டத்திற்குச் சுற்றாடல் ஆய்வே நிகழவில்லை என்று கூறுதல் பொருந்தாது. அமெரிக்க உதவியுடன் ராம்ஸ் என்னும் பொறியியல் நிறுவனம் 1980 இல் விரிவான அறிக்கை ஒன்றை ஆக்கியது. ஆயின், திட்டத்தைத் துரிதப்படுத்தும் முடிவு அதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. தீங்கைக் குறைக்கும் வழிகளை அவ்வறிக்கை கூற முடிந்ததேயன்றி, அணை வேண்டுமா, வேறிடம் பொருந்துமா என்னும் வினாக்களை மக்கள் முன் வைக்கும் வாய்ப்பு அதற்கு இருக்கவில்லை. அவ்வாறு வைத்தல் வேண்டும் என்று விதிக்கும் சட்டமும் அக்காலத்தில் இந்நாட்டில் இல்லை.

இதனை ஒத்த மற்றுமொரு நிகழ்ச்சி அண்மையில் நேர்ந்தது. 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திகன, ஹாரகம முதலிய ஊர்களில் சிறு நில அதிர்ச்சிகள் பன்முறை உணரப்பட்டன. நீர்த்தேக்கத்தின் பாரம் காரணமோ, இப்பகுதியிற் சுண்ணாம்புக்கல் அகழ்வதற்கு வைக்கப்படும் வெடிகள் காரணமோ, நிலத்தின் இயல்பான அசைவோ என்று ஊர் மக்கள் ஐயுற்றனர். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் ஆய்வு நடாத்தியது. இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கு மூவகைக் குறிப்புக்கள் வேண்டும்: நில அதிர்ச்சி நேர்ந்த கணமும் இடமும், நீர்த்தேக்கத்தின் நாள்தோறுமான நீர்மட்டம், கற்குழிகளில் வெடி வைக்கப்பட்ட நேரம். முதலாவதைப் பதிவு செய்யும் கருவி பல்லேகலையிலேயே உள்ளது. ஏனையவற்றையும் ஒவ்வோர் அலுவலகம் தன் கடமையின்பாற்பட்டுக் குறித்து வைத்தல் இயலும். ஆயின், வெவ்வேறு ஏடுகளில் வெவ்வேறு முறையிற் கிடக்குங் குறிப்புக்களை ஒரே காலக்கோட்டில் வைத்து நோக்கினாலன்றி விடை பிறவாது. கணினி செய்யக்கூடிய முதன்மையான உதவி இத்தகைய ஒருங்கிணைப்பே என்பது இதனாற் புலப்படும்.

சட்டம் வகுத்த நெறி

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிறுவப்பெற்றது. 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கருத்திட்டங்களுக்கு முன்னனுமதி பெறுதல் வேண்டும் என்று விதித்தது. எத்தகைய கருத்திட்டங்கள் இவ்விதியின்பாற்படும் என்பதை 1993 ஜூன் மாதத்து வர்த்தமானி பட்டியலிட்டுக் காட்டியது. பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருவீதிகள், 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்கு மாற்றுதல், நூறு குடும்பங்களுக்கு மேல் அவர்தம் விருப்பின்றிக் குடிபெயர்த்தல் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றன. இவையன்றி, பட்டியலிற் கண்ட சில தொழில்கள் ஆற்றங்கரை, நீர்த்தேக்க ஒதுக்கிடம், சரணாலயம் போன்ற எளிதிற் கேடுறும் இடங்களில் அமையுமாயின் அவற்றிற்குத் தனிக் கவனம் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இருபத்தைந்து மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஆற்றின் கரையிலிருந்து அறுபது மீற்றர் வரையுள்ள நிலம் அத்தகைய இடங்களுள் ஒன்று.

நடைமுறை இதுவாகும். கருத்திட்டத்தை முன்மொழிவோர் அதனைப் பற்றிய முதற் குறிப்பை அளிப்பர். எவ்வெவ் விடயங்களை ஆராய்தல் வேண்டும் என்பதை அங்கீகாரம் வழங்கும் நிறுவனம் வரையறுத்துக் கொடுக்கும். தாக்கம் சிறிதாயின் ஆரம்பச் சுற்றாடற் பரிசோதனையும், பெரிதாயின் முழுமையான தாக்க மதிப்பீடும் ஆக்கப்பெறும். மாற்று வழிகள் யாவை என்பதும், அவற்றுள் ஒன்று ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதும் மதிப்பீட்டிற் கூறப்படல் வேண்டும். பின்னர் அவ்வறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் வெளிவரும் செய்தித்தாள்களிலும் வெளியிடப்பெறும். முப்பது நாள் பொதுமக்கள் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். தேவை நேரின் பகிரங்க விசாரணையும் நடாத்தலாம். இவை யாவும் நிறைவுற்ற பின்னரே அனுமதியோ மறுப்போ பிறக்கும்.

இந்நெறி வெறும் அலுவலக ஒழுங்கன்று என்பதை உயர் நீதிமன்றம் இருமுறை வலியுறுத்திற்று. எப்பாவலையிற் பொஸ்பேற்றுப் படிவங்களை அகழும் ஒப்பந்தத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் தொடுத்த வழக்கில், உரிய ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் முன்னர் நிகழ்தல் வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது. தெற்கு அதிவேக வீதி பற்றிய வழக்கில், மதிப்பீடு நிகழ்ந்த பின்னர் வீதியின் தடம் மாற்றப்பட்டபோது, புதிய தடத்தில் நிலமிழப்போரின் கருத்துக் கேட்கப்படாமை இயற்கை நீதிக்கு மாறானது என்று 2004 ஆம் ஆண்டிற் கூறி, அவர்களுக்கு நட்டஈடு வழங்குமாறு பணித்தது.

கிடக்குங் காலமும் கேட்குங் காலமும்

மதிப்பீடு நீண்ட காலத்தை எடுக்கின்றது என்னும் முறைப்பாடு இந்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இத்துறையில் முன்னோடியாக விளங்கிய ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி முதல் நாள் கையொப்பமிடப்பெற்றது. அச்சட்டத்தின் கீழ் 2010 முதல் 2018 வரை முடிவுற்ற முழு மதிப்பீடுகள் சராசரி நாலரை ஆண்டு எடுத்தன என அந்நாட்டுச் சுற்றாடற் கழகம் 2020 இல் அறிவித்தது. இறுதி அறிக்கை ஒன்றின் சராசரி நீளமோ 661 பக்கங்கள். இதனால், 2023 இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று முழு மதிப்பீட்டிற்கு ஈராண்டும், சாதாரண அறிக்கைக்கு 150 பக்கங்களும் எல்லையென வகுத்தது. மின்வழி வாயில் ஒன்றினூடாக இப்பணியை நடாத்துதல் எவ்வாறு என்று ஆராயுமாறும் அச்சட்டம் பணித்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு மதிப்பீட்டிற் கழியுங் காலம் ஒரே தன்மையதன்று, அது இருவகைப்படும். கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்லக் காத்திருத்தல், ஒரு திணைக்களம் முன்னரே அளந்த நிலத்தை மற்றொன்று மீண்டும் அளத்தல், காணாமற்போன இணைப்பைத் தேடி மீண்டும் கடிதம் எழுதுதல் ஆகியவற்றிற் கழிவது ஒருவகை. இதனைக் கிடக்குங் காலம் எனலாம். ஆற்றின் நீரைக் கோடையிலும் மாரியிலும் அளந்து பார்த்தல், ஊராரின் சொல்லைக் கேட்டல், மாற்று வழிகளை நிறுத்துப் பார்த்தல் ஆகியவற்றிற் செல்வது மற்றொரு வகை. இதனைக் கேட்குங் காலம் எனலாம். முன்னையதாற் பயனடைவார் எவருமிலர். பின்னையதோ மதிப்பீட்டின் உயிராகும். புதுக்கருவிகளைப் புகுத்துவோர் இவ்விரண்டையும் பிரித்தறியாது, மொத்தக் காலத்தைக் குறைப்பதையே வெற்றியென எண்ணுவராயின், குறைக்க எளிதான கேட்குங் காலமே முதலிற் குறைக்கப்படும். கோப்பின் உறக்கத்தைக் கலைப்பதற்கு நிருவாகத்தைச் சீர்திருத்தல் வேண்டும். முப்பது நாளை இருபது நாளாக்குவதற்கோ எழுதுகோல் ஒன்று போதும்.

கணினி எங்கே உதவும்

குண்டசாலையில் மகாவலிக் கரையை அடுத்து ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கருதப்பட்டுள்ளதாகக் கற்பனை செய்வாம். முதலில் எழும் வினாக்கள் பல. இடம் ஆற்றங்கரையிலிருந்து அறுபது மீற்றருக்குள் உள்ளதா? விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை சரணாலயத்தின் எல்லைக்கு எவ்வளவு தூரம்? பின்னாலுள்ள சரிவு மண்சரிவு அபாயமுடையதா? குழாய் செல்லும் வழியிற் காடு உண்டா? பழைய முறையில் ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு திணைக்களத்துக்குக் கடிதம் எழுதி விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும்.

புவியியற் தகவல் முறைமை என வழங்குங் கணினி வரைபடம் இவ்வினாக்களை ஒரே அமர்விற் பரிசீலிக்க உதவுகின்றது. அதன் தத்துவம் எளியது. மெல்லிய ஒளிபுகு தாள்கள் பலவற்றில், ஒன்றில் ஆறும், ஒன்றிற் காடும், ஒன்றிற் சரிவும், ஒன்றிற் குடிமனையும் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்கினால் எவ்வெவ்விடத்தில் எவை பொருந்துகின்றன என்பது தெரியும். கணினி அத்தாள்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி, இடையேயுள்ள தூரத்தையும் பரப்பையும் நொடியிற் கணிக்கின்றது. இதற்கு வேண்டிய மூலப்பொருள் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1800 இல் நிறுவப்பெற்ற நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியுள்ள மண்சரிவு அபாய வரைபடங்களும் உள்ளன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை நினைவோர்க்கு, இவ்வபாய வரைபடம் எத்துணை முதன்மை வாய்ந்தது என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

இரண்டாவது உதவி, முன்னர் அளந்த அளவைகளைப் பேணி மீண்டும் பயன்படுத்துதல். ஒரே பள்ளத்தாக்கில் வீதிக்கென ஒரு மதிப்பீடும், குடிநீருக்கென ஒரு மதிப்பீடும், கைத்தொழிற் பேட்டைக்கென ஒரு மதிப்பீடும் ஆக்கப்பெறுமாயின், ஒவ்வொன்றும் அதே ஆற்றின் நீரைச் சோதித்து, அதே பறவைகளை எண்ணி, அதே மண்ணை அளக்கும். பணி முடிந்ததும் அவ்வளவைகள் அறிக்கையின் பின்னிணைப்பில் அட்டவணையாக உறங்கும். அவ்வறிக்கை மின்வடிவில் இருப்பினும், அது தாளின் நிழற்படம் போன்றதாயின் கண்ணாற் படிக்கலாமேயன்றிக் கணினியாற் கணிக்க இயலாது. அளவைகள் இடமும் நாளும் அளந்த முறையுங் குறிக்கப்பெற்று ஒரு பொதுக் களஞ்சியத்திற் சேர்க்கப்படுமாயின், இரண்டாவது மதிப்பீடு முதலாவது நின்ற இடத்திலிருந்து தொடங்கும். செலவு குறைவதுடன், பத்தாண்டுகளில் ஆறு எவ்வாறு மாறியது என்னும் வரலாறும் கிடைக்கும்.

மூன்றாவது உதவி, தனித்தனியே சிறியனவாகவும் ஒருங்கே பெரியனவாகவும் உள்ள தாக்கங்களைக் காட்டுதல். பத்துக் கிலோமீற்றர் என்பது எல்லையாயின் ஒன்பது கிலோமீற்றர் வீதிக்கு முழு மதிப்பீடு வேண்டியதில்லை. அத்தகைய இரு வீதிகள் ஒன்றையொன்று தொடரினும் ஏட்டில் அவை இரு கோப்புக்களே. மலைநாட்டின் ஒரே ஆற்றில் அடுத்தடுத்து அமையுஞ் சிறு நீர்மின் நிலையங்களும் அத்தன்மையனவே. எல்லாக் கருத்திட்டங்களும் ஒரே வரைபடத்திற் பதியப்படுமாயின், பிரித்துவைத்த துண்டுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து கண்ணுக்குத் தோன்றும். மேற்குறித்த தெற்கு அதிவேக வீதி போன்ற நிலையிலும், பழைய தடத்தின்மீது புதிய தடத்தை வைத்து நோக்கி, புதிதாக எவருடைய நிலங்கள் அகப்படுகின்றன என்பதை ஒரு நாளிற் கண்டு, அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்தல் இயலும். ஈண்டுக் கருவி கேள்வியைச் சுருக்கவில்லை; கேட்கப்பட வேண்டியோரைத் தேடிக் கண்டுபிடிக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

நான்காவது உதவி, அனுமதி வழங்கிய பின்னர்க் கண்காணித்தல். அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் பல விதிக்கப்பெறினும், அவை நிறைவேறினவா என்று சென்று பார்க்க ஆளும் வாகனமும் எஞ்ஞான்றும் போதுவதில்லை. 1972 முதல் பூமியைப் படம்பிடித்து வரும் லாண்ட்சாட் செய்மதிகளின் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 முதல் ஐரோப்பியரின் சென்டினல்-2 செய்மதிகள் பத்து மீற்றர் நுணுக்கமுடைய படங்களைச் சில நாட்களுக்கொருமுறை அளிக்கின்றன. அனுமதித்த எல்லைக்கு வெளியே காடு வெட்டப்பட்டதா, மண் எங்கே கொட்டப்பட்டது என்பவற்றை அலுவலகத்திலிருந்தே ஓரளவு அறியலாம். எங்கே சென்று பார்த்தல் வேண்டும் என்பது தெரிந்தால், உள்ள ஒரு வாகனமும் பயனுடையதாகும்.

மக்கள் குரலும் மொழியும்

மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பொதுமக்கள் கருத்துக்கென விடப்படும் அறிக்கைகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும், குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட கருத்திட்டங்களைப் பற்றிய தகவல்களை அவை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே வெளியிடுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஒரு காலத்தில் அலுவலகம் சென்று, தடித்த நூலை மேசையிலிருந்து படித்துக் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசி உடையவன் எவனும் அதனை வீட்டிலிருந்தே படிக்கலாம். இது பெரும் பேறே.

ஆயின், வெளியிடுதல் வேறு, சென்று சேர்தல் வேறு. பல நூறு பக்கங்களில் ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்ற அறிக்கையை, ஆற்றின் கரையிற் காய்கறி பயிரிடும் சிங்கள உழவனோ, மேலேயுள்ள தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியோ எவ்வாறு படித்தறிவர்? அறிவித்தல் மும்மொழியிலும் வருதல் மாத்திரம் போதாது. அறிக்கையின் சாரமாவது அவரவர் மொழியில் தெளிவுறக் கிடைத்தல் வேண்டும். அண்டை நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை நன்கு விளக்கும். அங்கு 2018 ஆகஸ்டில் 'பரிவேஷ்' என்னும் மின்வழி வாயில் திறக்கப்பெற்றது. சுற்றாடல், காடு, வனவிலங்கு ஆகியவை பற்றிய அனுமதிகளை ஒரே இடத்தில் விண்ணப்பித்துத் தொடர்ந்து நோக்க அது வழிசெய்தது. ஈராண்டின் பின், 2020 இல் வெளியிடப்பெற்ற புதிய மதிப்பீட்டு விதிகளின் வரைவு, பகிரங்க விசாரணைக்கு முன்னர் மக்களுக்கு அளிக்கப்பெறும் முப்பது நாளை இருபதாகக் குறைக்க முனைந்தது. அவ்வரைவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாத்திரமே வெளிவந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள இருபத்திரண்டு மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து வெளியிடுமாறு டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூனிற் பணித்தது. கருத்துக் கூறுதற்கான காலமும் ஆகஸ்டு வரை நீடிக்கப்பெற்றது. இணையத்தில் ஏற்றுதல் ஒரு கணத்தில் முடியும். மக்கள் மொழியில் ஆக்குதற்கோ உழைப்பு வேண்டும். முன்னையதாற் கிடைத்த காலச் சேமிப்பைப் பின்னையதிற் செலவிடுவதே முறை.

இன்று கணினியே மொழிபெயர்க்கவும், ஆயிரக்கணக்கான கருத்துக்களை வகைப்படுத்திச் சுருக்கித் தரவும் வல்லதாயிற்று. இவ்வுதவியை வேண்டாவென்று தள்ளுதல் பேதைமை. மேற்பார்வையின்றி ஏற்றலும் பேதைமையே. கிணற்று நீர் 'குறையலாம்' என்பதற்கும் 'குறையும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவிற் சிறிது. கிணறு உடையவனுக்கு அது பெரிது. ஆதலின் கணினி ஆக்கிய மொழிபெயர்ப்பை இருமொழியுங் கற்றார் ஒருவர் ஒப்புநோக்குதல் வேண்டும். கருத்துக்களைத் தொகுக்கும்போதும், ஒரே வாசகத்தில் வந்த ஆயிரம் மடல்களை ஒரு தொகுதியாக்குதல் தகும். ஆனால், தன் நிலத்தின் கீழ் ஊற்று ஒன்று உண்டு என்று ஒருவன் மாத்திரம் எழுதிய மடல் அத்தொகுப்பில் மறைந்துவிடலாகாது. எண்ணிக்கையில் ஒன்றாயினும், அறிவில் அது ஆயிரத்துக்குச் சமமாதல் கூடும்.

கருவியின் எல்லை

கணினியின் திரையிற் காண்பதெல்லாம் உண்மை என்று மயங்குதல் இக்காலத்துப் பெரும் பிழைகளுள் ஒன்று. முன்னர்க் கூறிய அறுபது மீற்றர் எல்லையையே நோக்குக. 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் வரையப்பெற்ற படத்தில் அறுபது மீற்றர் என்பது 1.2 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆற்றின் கரையைக் குறிக்குங் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றராயின் அதுவே இருபத்தைந்து மீற்றரை விழுங்கிவிடும். திரையிற் படத்தைப் பன்மடங்கு பெருப்பித்து நோக்கலாம். கோடு பெருகுமேயன்றி நுணுக்கம் பெருகாது. 1:10,000 படத்தில் அதே தூரம் ஆறு மில்லிமீற்றராகும். அதுவே இத்தகைய வினாவிற்குத் தக்கது. எல்லையை அண்மிய இடமாயின் அளவையாளர் நேரிற் சென்று அளத்தலே முடிவானது. செய்மதிப் படங்களுக்கும் எல்லையுண்டு. பருவமழைக் காலத்தில் மலைநாட்டை முகில் மூடும். பத்து மீற்றர் நுணுக்கமுடைய படத்தில் மூன்று மீற்றர் அகலமுள்ள ஓடை தெரியாது. மர நிழலின் கீழ் நிகழ்வதும் தெரியாது.

இவற்றினும் ஆழ்ந்த எல்லை ஒன்று உண்டு: அளக்கப்படாததைக் கணினி அறியாது. உமா ஓயாத் திட்டத்திற்கெனச் சுரங்கம் அகழப்பட்டபோது, 2014 டிசம்பர் முதல் பண்டாரவளைப் பகுதியில் நிலத்தடி நீர் சுரங்கத்துள் பெருகிப் பாய்ந்தது. கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீடுகளின் சுவர்களிற் பிளவு கண்டது. அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பெற்றது. கிணறிழந்த ஊர்களோ அதற்கு முன் பல்லாண்டு அல்லலுற்றன. பாறையினுள்ளே நீர் எவ்வழியில் ஓடுகின்றது என்பதைத் துளையிட்டு அறிதல் வேண்டும். எங்கெங்கே ஊற்று எழும் என்பதை ஊராரைக் கேட்டு அறிதல் வேண்டும். இவை இரண்டும் காலம் எடுக்கும் செயல்கள். சுண்ணாம்புக்கற் பாறை பரந்துள்ள திகனப் பகுதிக்கும் இது பொருந்தும். எத்துணை விரைவான கணினியும் தோண்டாத குழியின் ஆழத்தைக் கூறாது. மாறாக, குறைவான அளவைகளின்மேல் அழகிய வண்ணப்படம் வரைந்து, ஐயம் இருக்க வேண்டிய இடத்தில் உறுதியைத் தோற்றுவித்தலுங் கூடும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால், புதுக்கருவிகளை மேற்கொள்ளும்போது நான்கு நியமங்களைப் பேணுதல் நன்று எனலாம். முதலாவது, மதிப்பீட்டிற் கழியுங் காலத்தைக் கூறுகூறாகப் பதிந்து, கோப்பு எம்மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை எவரும் காணச் செய்தல். தாமதத்திற்குச் சுற்றாடல் ஆர்வலரைக் குறைகூறுவோர்க்கும், அலுவலகத்தைக் குறைகூறுவோர்க்கும் அது உண்மையை உணர்த்தும். இரண்டாவது, அறிக்கையுடன் அதன் அளவைகளையும் கணிக்கத்தக்க வடிவிற் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்தாலன்றி அது நிறைவானதெனக் கொள்ளாமை. மூன்றாவது, சட்டம் மக்களுக்கு அளித்த முப்பது நாளைக் கருவியின் பெயராற் குறையாமை. மும்மொழிச் சுருக்கத்தை முதல் நாளே வெளியிடுதலும், இணையம் எட்டாத தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் கிராம உத்தியோகத்தர் வாயிலாகவும் பிரதேச செயலகம் வாயிலாகவும் அச்சுப்பிரதிகளை அனுப்புதலும் இதன்பாற்படும். நான்காவது, எம்முடிவையும் பெயர் குறிக்கப்பெற்ற அலுவலர் ஒருவர் தம் காரணங்களுடன் எழுதிக் கையொப்பமிடுதல். 'கணினி கூறிற்று' என்பது விடையாகாது. வினவுவோர்க்கு விடை கூறுங் கடமை மனிதர்க்கே உரியது.

இந்நியமங்கள் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. வரைபடங்கள் உள்ளன, செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சட்டமும் உண்டு. இவற்றை ஒருங்கிணைக்கும் உறுதியும், தம் ஏட்டைப் பிறர்க்குத் திறந்து காட்டும் மனப்பாங்கும் திணைக்களங்களுக்கு வேண்டும். இக்கல்லூரியிற் புவியியலும் கணிதமும் பயிலும் மாணவர் பலர் நாளை அளவையாளராகவும் பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் அமர்வர். தம் ஊர் ஓடையின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து நாட்குறிப்பில் எழுதிவரும் பழக்கத்தை அவர்கள் இன்றே தொடங்கலாம். பல்லாண்டு தொடர்ந்து எழுதிய அத்தகைய குறிப்பொன்று, பெருங்கருத்திட்டம் ஒன்று ஊரை நாடி வரும் நாளில், வேறெவரிடத்தும் கிடையாத சான்றாகும்.

தெல்தெனியா நீருள் அமிழ்ந்த காலத்தில் அவ்வூரார்க்குத் தம் கருத்தைப் பதிவு செய்யச் சட்டமும் இல்லை, கருவியும் இல்லை. இன்று இரண்டும் உள்ளன. விரைந்து முடித்தற்கு மாத்திரம் அவற்றைப் பயன்படுத்துவோமாயின் பழைய பிழையைப் புதிய வேகத்திற் செய்தோராவோம். முறையாகக் கேட்டு முடித்தற்குப் பயன்படுத்துவோமாயின், நாட்டுக்கு வேண்டிய அணையும் வீதியும் எழும்; அவற்றின் அயலில் வாழ்வோரும் அச்சமின்றி வாழ்வர்.